எதிரே பஸ் வருது: மலைநாட்டில் சின்ன கார் வாங்கவும் ஓட்டவும்

"அண்ணே, இந்த வண்டி எத்தனை ஸ்டார்?"

வாங்குவதற்கு முன்னால் வண்டியைக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது இதைத்தான். எல்லாம் போனில் தேடிப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள். ஸ்டார் என்றால் மோதல் சோதனையில் வண்டி வாங்குகிற பாதுகாப்பு மதிப்பு. நான் இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் டிங்கர் வேலை செய்கிறவன். அடிபட்ட முன்பக்கங்களைக் கழற்றி மாட்டியே தலை நரைத்துப் போனது. ஸ்டார் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதோடு மோதி வாங்கிய ஸ்டார் என்று யாரும் கேட்பதில்லை. கினிகத்தேனை ஏற்றத்தில் உங்களுக்கு எதிரே வருவது லேலண்ட் பஸ், கென்டர் லொறி, லீவுக்கு நுவரெலியா போகிற பிராடோ ஜீப். சோதனைக்கூடத்தில் யாரும் வேகன் ஆர் மாதிரிச் சின்ன காரை லேலண்ட் பஸ்ஸோடு மோதிப் பார்த்து ஸ்டார் போடுவதில்லை.

அதனால் இதை எழுதுகிறேன். அம்மாவின் ஈபிஎஃப் காசிலோ, வெளிநாட்டிலிருந்து வந்த காசிலோ முதல் காரை வாங்கி, தோட்டத்துக்கும் டவுனுக்கும் குடும்பத்தோடு ஓட்டப்போகிறவருக்கு. பெரிய வண்டிக்காரருக்கும் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது, கோபப்படாமல் படிப்பார் என்றால்.

எடைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

வண்டியின் பதிவுப் புத்தகத்தை எடுங்கள். வெற்று எடை என்று ஓர் இலக்கம் இருக்கும். வேகன் ஆர் என்றால் 800 கிலோ பக்கம் வரும். ஓட்டுநர், வீட்டுக்காரி, பிள்ளைகள், அரிசி மூட்டை எல்லாம் சேர்த்து 1000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எதிரே ஆட்களோடு 2500 கிலோவில் ஒரு பிராடோ. இரண்டும் மணிக்கு 40 கிலோமீட்டரில் வந்து நேருக்கு நேர் அடித்துக்கொள்கின்றன.

இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கனமான வண்டி போன திசையிலேயே போகும். கணக்குப்படி அந்தச் சிக்கலின் வேகம் மணிக்கு 17 கிலோமீட்டர். பிராடோவில் இருந்தவருக்கு 40-லிருந்து 17-க்குக் குறைந்தது. அவர் இழந்தது 23. உங்களுக்கோ முன்னே 40-ல் போனது பின்னே 17-ல் தள்ளப்பட்டது. உங்கள் மாற்றம் 57. இது நடந்து முடிய ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். நெஞ்செலும்பு, கழுத்து, குடல் எல்லாம் தாங்கவேண்டியது இந்த 57-ஐத்தான். எடை இரண்டரை மடங்கு என்றால் அடியும் இரண்டரை மடங்கு, சின்ன வண்டிக்கு.

எதிரே 12 டன் பஸ் என்றால்? உங்களுக்கு 74. பஸ்ஸுக்கு 6. பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர் கம்பியைப் பிடித்திருந்தால் விழக்கூட மாட்டார்.

இதில் பலருக்கு ஒரு தப்பு எண்ணம் இருக்கிறது. இரண்டு பேரும் 40-ல் வந்தால் 80-ல் சுவரில் அடித்த மாதிரி என்பார்கள். ஒரே எடையுள்ள இரண்டு வண்டி என்றால் அப்படி இல்லை. இரண்டும் நடுவில் நின்றுபோகும், ஒவ்வொருவருக்கும் 40-ல் சுவரில் அடித்த அடிதான். எதிரே இருப்பது பஸ் என்றால்தான் அந்த 80-க்குக் கிட்டப் போகிறது. அதாவது கல்மதிலை விட மோசம். மதில் நின்ற இடத்தில் நிற்கும். பஸ் உங்களைத் தள்ளிக்கொண்டே வரும்.

ஸ்டார் விஷயம் இங்கேதான் வருகிறது. தடுப்பில் மோதும் சோதனை, உங்கள் எடையே உள்ள இன்னொரு வண்டியோடு மோதினால் என்ன ஆகும் என்பதைத்தான் ஏறத்தாழக் காட்டும். 5 ஸ்டார் சின்ன காரையும் 4 ஸ்டார் ஜீப்பையும் பக்கத்தில் வைத்து எது நல்லது என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. அமெரிக்காவில் காப்புறுதிக் கம்பனிகள் சேர்ந்து நடத்துகிற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2009-ல் இதைச் செய்தே காட்டியது. டொயோட்டா யாரிஸையும் டொயோட்டா கேம்ரியையும் 64 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே விட்டது. யாரிஸ் என்றால் வேறொன்றும் இல்லை, நம்ம விட்ஸ். தடுப்புச் சோதனையில் அந்த விட்ஸ் "நல்லது" என்று பெயர் வாங்கிய வண்டி. கேம்ரியோடு அடித்தபோது கதவு பிய்ந்தது, ஸ்டியரிங் உள்ளே வந்தது, "மோசம்" என்று முடிந்தது. அன்றைக்கு ஹொண்டா ஃபிட்டுக்கும் ஸ்மார்ட் காருக்கும் அதே தீர்ப்புத்தான். கவனியுங்கள், எதிரே விட்டது லொறி இல்லை. கேம்ரி, ஒரு சாதாரண கார்.

அதற்காக ஸ்டார் பார்க்காமல் வாங்கச் சொல்லவில்லை. ஒரே அளவிலுள்ள இரண்டு வண்டிக்குள் எது என்று தெரிவுசெய்ய அது நல்ல கருவி. விட்ஸா ஃபிட்டா என்றால் பாருங்கள். விட்ஸா பிராடோவா என்றால் அது பதில் சொல்லாது. இன்னொன்று, ஜப்பானில் ஓடிய வேகன் ஆரும் இந்தியாவில் செய்து வந்த வேகன் ஆரும் பெயரில் மட்டும்தான் ஒன்று. ஒன்றுக்கு வந்த முடிவை மற்றதற்கு ஒட்டாதீர்கள்.

உயரம்: யாரும் பார்க்காத இடம்

எடையை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் எடைக்குப் பிறகு வருகிற விஷயம் உயரம். கராஜில் நின்று பார்க்கும்போது எடையை விட இதுதான் எனக்குப் பயமாக இருக்கும்.

காரின் பொனட்டைத் திறந்தால் என்ஜினுக்கு இரண்டு பக்கமும் முன்னே நீட்டிக்கொண்டு இரண்டு பெட்டிச் சட்டம் போகும். இரண்டின் முனையையும் பஃபருக்குப் பின்னால் ஒரு குறுக்குக் கட்டை சேர்க்கும். மோதலின் வேகத்தைத் தின்னவேண்டியது இந்த மூன்றும்தான். சட்டத்தில் அங்கங்கே சின்னப் பள்ளம் அழுத்தியிருப்பார்கள், அந்த இடத்தில் மடிந்து சுருங்கட்டும் என்று. அது சுருங்கச் சுருங்க ஆட்கள் இருக்கிற கூடு நின்றுபிடிக்கும். ஆனால் எதிரே வருகிற வண்டியின் சட்டம் இதே உயரத்தில் வந்து முட்டினால்தான் இதெல்லாம் வேலை செய்யும்.

கென்டர் லொறியோடு அடித்துக்கொண்ட ஒரு சின்ன கார் கராஜுக்கு வந்தது. பொனட் மடிந்து முன் கண்ணாடியில் ஏறியிருந்தது. கண்ணாடியைத் தாங்குகிற தூண் பின்னே சாய்ந்து, டேஷ்போர்ட் சீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ரெடியேட்டரின் மேல் பாதி நசுங்கி, கீழ்ப் பாதி நேராக. ஜாக் போட்டுத் தூக்கிக் கீழே லைட்டைப் பிடித்துப் பார்த்தால், அந்த இரண்டு பெட்டிச் சட்டமும் புதுசு மாதிரி இருக்கிறது. கம்பனி பெயின்ட் உடையவில்லை. சுருங்குவதற்கென்று அழுத்திய பள்ளத்தில் ஒரு மடிப்புக்கூட இல்லை. வலது முனையில் ஜப்பான் எழுத்தோடு ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. லொறியின் செசி, அதாவது அதன் அடிச்சட்டம், அதற்கு மேலால் போய்விட்டது. சுருங்கவேண்டியது சுருங்கவில்லை, சுருங்கக்கூடாதது சுருங்கியது. காரைச் செய்தவன் கணக்குப் போட்டு வைத்த இரும்பு ஒன்றும் அன்றைக்கு உதவவில்லை.

அமெரிக்காவில் கார்களின் பஃபர் தரையிலிருந்து 16 முதல் 20 அங்குலத்துக்குள் இருக்கவேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. பெரிய ஜீப்பும் கெப்பும் அதற்கு மேலே நின்றபடியால் கார்க்காரர்கள் செத்தார்கள். 2003-ல் கார்க் கம்பனிகள் கூடி, ஜீப் கெப்புகளின் முன் சட்டத்தில் பாதியாவது அந்த வரம்புக்குள் வரும்படி இறக்குகிறோம், முடியாவிட்டால் கீழே இன்னொரு கட்டை வைக்கிறோம் என்று ஒத்துக்கொண்டன. 2009-க்குள் முடிப்பதாகச் சொல்லிச் செய்தும் காட்டின. ஐரோப்பாவில் புது லொறிகளின் முன்னால், கார் அடியில் புகாதபடி தாழ்வான தடுப்புக் கட்டை கட்டாயம். நம்ம ரோட்டில் ஓடுகிற பழைய லொறிகளில் அதை எங்கே தேடுவது?

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டியின் பஃபருக்குப் பின்னால் அந்தக் குறுக்குக் கட்டை தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்துகொள்ளுங்கள். அடுத்து ஹட்டன் டவுனில் நிற்கிற ஏதாவது லொறிக்குப் பக்கத்தில் போய் அதன் செசி எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். பிறகு வளைவில் எவ்வளவு வேகத்தில் போகலாம் என்று நான் சொல்லத் தேவையில்லை. வண்டியைப் பதித்து அழகு பார்க்கிற தம்பிமாருக்கும் இதுதான் என் பதில். ஸ்பிரிங்கை வெட்டி இரண்டு அங்குலம் இறக்கினால் அந்தக் கட்டையும் இரண்டு அங்குலம் இறங்கும்.

வலது மூலை

நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள். வளைவில் எதிரே வருகிறவன் கோட்டைத் தாண்டினால் அடிபடுவது வலது முன் மூலை. ஓட்டுநர் இருக்கிறதும் அங்கேதான். முழு முகத்தோடு முகம் அடிக்கிற விபத்து மலைப் பாதையில் குறைவு. கராஜுக்கு வருவதில் அதிகம் மூலையோடு மூலைதான்.

மூலையில் என்ன கஷ்டம் என்றால், நான் சொன்ன பெட்டிச் சட்டம் அங்கே இல்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அடி சட்டத்துக்கு வெளியே விழுந்தால் தாங்க ஹெட்லைட்டும் மட்காட்டும்தான். அடுத்தது சில்லு. சில்லு பின்னே தள்ளப்பட்டு, கால் வைக்கிற இடத்தை நெரித்து, பிரேக் பெடலோடு சேர்ந்து கணுக்காலுக்கு வரும். முன்சொன்ன அமெரிக்க நிறுவனம் வண்டியின் அகலத்தில் கால்வாசி மட்டும் மோதுகிற சோதனையை 2012-ல் தொடங்கியபோது, அதுவரை நல்ல பெயர் வாங்கிய பல சொகுசுக் கார்களே தோற்றன. அதற்குப் பிறகுதான் கம்பனிகள் மூலைக்கும் இரும்பு போடத் தொடங்கின. ஆகவே காசு இடம் கொடுத்தால், ஒரே மொடலில் 2012-க்குப் பிறகு புதிதாக வரைந்த வடிவத்தைப் பாருங்கள். பழைய வடிவத்தையே பல வருடம் விற்பார்கள், வருடத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

வாங்கும் முன் பார்க்கவேண்டியது

மற்றவர்கள் என்ஜின் சத்தம் கேட்பார்கள், ஹைபிரிட் பேட்டரி பார்ப்பார்கள். பாருங்கள். நான் சொல்வது அரை மணித்தியால வேலை, ஒரு டோர்ச் லைட் போதும்.

பொனட்டைத் திறந்து இரண்டு பக்கச் சட்டத்தையும் மாறி மாறிப் பாருங்கள். இடப்பக்கம் எங்கே பள்ளம், எங்கே துளை இருக்கிறதோ வலப்பக்கமும் அதே இடத்தில் இருக்கவேண்டும். கம்பனி வெல்டிங் சின்ன வட்டப் பொட்டுகளாக, சம இடைவெளியில் வரிசையாக இருக்கும். நீளமாக ஓடுகிற வெல்டிங், அதைக் கிரைண்டர் போட்டுத் தேய்த்த அடையாளம், மேலே தடிப்பாக அடித்த கறுப்பு அன்டர்கோட், இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் அந்த முன்பக்கம் ஒருமுறை போய் வந்தது. மட்காட் போல்ட்டின் தலையில் ஸ்பேனர் பட்ட பெயின்ட் உதிர்வு இருந்தால் கேள்வி கேளுங்கள். வெறும் மட்காட் மாற்றியது என்றால் பரவாயில்லை. சட்டம் மாற்றியது என்றால் எங்கே வெட்டி எங்கே ஒட்டியது என்று காட்டச் சொல்லுங்கள்.

இதில் நம்ம தொழில்காரர்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இப்போதைய கார்ச் சட்டம் பழைய மொரிஸ் மைனர் இரும்பு இல்லை. மெல்லியது, ஆனால் உறுதிக்காகப் பதம் வைத்த இரும்பு. காஸ் அடித்துச் சிவக்கச் சூடாக்கி, சுத்தியலால் தட்டி நேராக்கினால் பார்வைக்கு நேராகிவிடும். பதம் போய்விடும். அடுத்த அடிக்கு அது மடிகிற இடம் வேறு, மடிகிற வேகம் வேறு. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வருகிற "ஹாஃப் கட்" முன்பக்கத்தை இங்குள்ள வண்டியின் மீதிப் பாதியில் ஒட்டுவதும் இதே கதை. பெயின்ட் அடித்து வைத்தால் பெரிய டிங்கர்கூட உடனே கண்டுபிடிக்க மாட்டான்.

அடுத்தது பஃபரைத் தட்டிப் பாருங்கள். வெளியே தெரிகிற பஃபர் வெறும் பிளாஸ்டிக் உறை. அதனுள்ளே ஒரு ஃபோம், அதற்குப் பின்னால் அந்த இரும்புக் குறுக்குக் கட்டை. சின்ன அடி பட்ட பிறகு கட்டை கிடைக்கவில்லை, விலை கூட என்று உறையை மட்டும் மாட்டிவிட்ட வண்டிகள் இந்த மலையில் நிறைய ஓடுகின்றன. கட்டை இல்லாவிட்டால் இரண்டு சட்டமும் தனித்தனி. ஒரு பக்கம் வாங்குகிற அடியை மற்றப் பக்கம் பகிர்ந்துகொள்ளாது. முன் கிரில் இடைவெளியால் லைட் அடித்தால் கட்டை இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் எயார்பேக் லைட் எரிந்து, சில விநாடியில் அணையவேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம். யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள், அல்லது வேறு லைட்டின் வயரோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். வெடித்த பேக்குக்குப் பதிலாக வெறும் மூடியை ஒட்டி, ஒரு ரெசிஸ்டரைப் போட்டு கம்பியூட்டரை ஏமாற்றுகிற வேலையும் நடக்கிறது. அதைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம், ஸ்கேன் போடுகிறவரிடம் கொண்டுபோங்கள். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துவிட்டு அடியில் தைத்திருக்கிற லேபிளில் வருடத்தைப் பாருங்கள். வண்டி 2014, பெல்ட் 2018 என்றால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. தக்காட்டா என்கிற கம்பனி செய்த எயார்பேக்கின் பிரச்சினையையும் மறக்கவேண்டாம். 2000-க்குப் பிறகு வந்த ஜப்பான் வண்டிகள் பலவற்றில், பழசாகி ஈரம் ஏறிய பேக் வெடிக்கும்போது உள்ளிருக்கும் இரும்புக் கூடே துண்டுதுண்டாகப் பறந்து ஆளைக் குத்தும். செசி நம்பரைக் கொடுத்தால் ஏஜென்டில் பார்த்துச் சொல்வார்கள்.

முகம் தட்டையான வேன், குட்டி லொறிகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. எவ்ரி, பட்டா, பழைய டொல்பின், இவற்றில் உங்கள் முழங்காலுக்கு முன்னால் இருப்பது ஒரு தகடும் ஹெட்லைட்டும். சுருங்குவதற்கு இடமே கிடையாது. சாமான் ஏற்றுவதற்கு அதை விட வசதியான வண்டி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். குடும்ப வண்டியாக என்னிடம் கேட்டால், அதே காசுக்கு மூக்கு நீண்ட ஒரு பழைய காரைச் சொல்வேன். த்ரீவீலுக்குச் சோதனையே தேவையில்லை. டவுனுக்குள்ளும் தோட்டத்து ரோட்டிலும் ஓட்டுங்கள். பனி மூடின நேரத்தில் பிரதான பாதையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். 2023 ஜனவரி 20-ம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் பள்ளிப் பிள்ளைகள் வந்த பஸ் ஒன்று வேனோடும் த்ரீவீலோடும் மோதியது. 7 பேர் செத்தார்கள். அத்தனை பேரும் வேனிலும் த்ரீவீலிலும் இருந்தவர்கள். பஸ்ஸில் காயம்பட்டவர்கள் நிறையப் பேர், உயிர் போனவர் இல்லை.

ஓட்டும்போது

மறுபடியும் அந்தப் பஸ் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கையில் இருப்பது அதில் ஒரு பகுதி. இரண்டு பேரும் 40-ல் வந்தால் உங்களுக்கு 74. பஸ்காரன் 40-ல் வரட்டும், நீங்கள் 20-க்குக் குறைத்துவிட்டால் 55. நீங்கள் நின்றேவிட்டால் 37. பஸ்காரன் ஒன்றும் செய்யவில்லை. உங்கள் பிரேக்கால் மட்டும் அடி பாதியாகிறது. அடி பாதியென்றால் உங்கள் வண்டி தின்னவேண்டிய சக்தி கால்வாசி. 37 நவீன சின்ன கார் ஒன்று தாங்கக்கூடிய வேகம், பெல்ட் போட்டிருந்தால், சட்டம் ஒழுங்காக இருந்தால். 74 தாங்கமுடியாதது. ஆகவே பிரேக் அடித்தாலும் எப்படியும் படத்தான் போகிறது என்று காலை எடுக்காதீர்கள். கடைசி மீட்டர் வரைக்கும் மிதித்துப் பிடியுங்கள்.

ஆனால் கடைசி மீட்டருக்கு வராமல் இருப்பது வளைவுக்கு முன்னால் தீர்மானமாகிறது. டெவோன் பக்கத்து வளைவுகளில் பெரிய பஸ்ஸின் மூக்குத் திரும்பும்போது அவனுக்கு உங்கள் பக்கத்து ரோட்டில் கொஞ்சம் தேவைப்படும். அது அவன் திமிர் இல்லை, வண்டியின் நீளம். கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பாதிக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் போங்கள். மீதிப் பாதி எதிரே வருகிறவனுக்கு. ஹோர்ன் அடியுங்கள், பிறகு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி அவன் ஹோர்னைக் கேளுங்கள். பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஹோர்ன் அடித்துப் பயனில்லை. பனியில் ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும், டிம்மில் ஓட்டுங்கள்.

உங்கள் இடப்பக்கம் என்ன இருக்கிறது என்று எப்போதும் தெரிந்திருக்கவேண்டும். ஒன்று மலைச்சரிவும் ரோட்டோரத் தண்ணீர்க் கானும், இல்லாவிட்டால் பள்ளம். மலைப்பக்கம் இருந்தால் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது: கானில் இறக்குங்கள். பஃபர் போகும், ரிம் வளையும், கீழே சம்ப் உடையும். என்னிடம் வாருங்கள், செய்து தருகிறேன். ஆனால் இறக்குகிறதானால் நேரத்தோடு முழுக்க இறக்குங்கள். அரை மனதாக ஒடித்தால் வலது மூலை வெளியே நிற்கும், மூலை அடிதான் வாங்குவீர்கள். பள்ளப் பக்கம் இருந்தால் ஒதுங்க இடமில்லை, அந்தத் துண்டுகளில் வேகத்தை முன்னாலேயே கொல்லவேண்டும். எக்காரணம் கொண்டும் வலது பக்கம் வெட்டாதீர்கள். எதிரே வருகிறவனும் கடைசி நேரத்தில் தன் பக்கத்துக்குத் திரும்புவான். உங்கள் கதவை அவன் முகத்துக்குக் கொடுப்பீர்கள். கதவுக்குள் சுருங்க ஒரு சாண் இடம்கூட இல்லை.

இறக்கத்தில் சின்ன கியரில் வாருங்கள். ஓட்டோ வண்டி என்றால் கியரை எல் (L) அல்லது எஸ்ஸில் (S) போடுங்கள், அக்வா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட் என்றால் பீயில் (B). ரம்பொடையிலிருந்து கம்பளைக்குப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பிரேக் சூடேறி, தேவைப்படுகிற வளைவில் பெடல் கல்லு மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. ஏறுகிற வண்டிக்கு வழி விடுகிற வழக்கத்தையும் இப்போது கொழும்பு வண்டிகள் மறந்துவிட்டன. நீங்கள் ஏறினாலும் இறங்கினாலும் பெரிய வண்டிக்கு இடம் விட்டுவிடுங்கள், உரிமை யாருடையது என்று அங்கே நின்று பேசவேண்டாம்.

இருக்கிற விதமும் முக்கியம். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்கட்டும். பெல்ட்டின் கீழ்ப் பட்டி வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பில் உட்காரவேண்டும். முன் சீட்டில் மடியில் பிள்ளையை வைத்துக்கொள்கிற அக்காமாரிடம் கெஞ்சிக் கேட்கிறேன், பின்னுக்குப் போங்கள். 57-ல் வேகம் மாறும்போது எந்தத் தாயின் கையும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தாது, எயார்பேக் வெடிக்கிறதும் அந்தப் பிள்ளையின் முகத்தில்தான். பின்னால் இருக்கிறவர்களும் பெல்ட் போடட்டும். போடாவிட்டால் அவர்கள்தான் முன் சீட்டை முதுகில் தள்ளுவார்கள். நுவரெலியாச் சந்தையிலிருந்து கரட் மூட்டை, காஸ் சிலிண்டர் ஏற்றினால் பின் சீட்டின் முதுகோடு ஒட்டித் தரையில் வைத்துக் கட்டுங்கள்.

பெரிய வண்டி வைத்திருக்கிற அண்ணன்மாருக்கு

புல்பார், அதாவது வண்டியின் முன்னால் கட்டுகிற இரும்புக் கம்பிச் சட்டம், அடித்துத் தரக் கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புகிறேன். தொழில் போகிறது, தெரியும். செசியோடு இறுக்கி வெல்ட் பண்ணிய அந்தக் கம்பி, உங்கள் வண்டியின் சுருங்குகிற பகுதியைத் தாண்டி அடியை நேரே செசிக்குக் கொண்டுபோகிறது. எயார்பேக் சென்சருக்கு அடி போகிற நேரமும் மாறிவிடும். எதிரே வருகிற சின்ன காருக்கோ அது கோடாலி. பஸ்களின் முன்னால் கட்டுகிற தடித்த குழாயும் அப்படித்தான். வண்டியை உயர்த்தி லிஃப்ட் கிட் போட்டால் முன் சட்டமும் சேர்ந்து உயர்ந்து, எதிர்க் காரின் சட்டத்தை விட்டு மேலே ஏறுகிறது.

ஐரோப்பாவில் வண்டிகளை மோதிப் பார்த்து ஸ்டார் கொடுக்கிற யூரோ என்கேப் என்கிற அமைப்பு, எதிராளிக்குச் செய்கிற சேதத்துக்கு 2020-லிருந்து மதிப்பெண் வெட்டுகிறது. 1400 கிலோ டிரொலி ஒன்றின் முகத்தில் தேன்கூடு மாதிரி அலுமினியத்தை ஒட்டி, அதை 50-லும் வண்டியை 50-லும் எதிரெதிரே பாதி அகலத்தில் மோதவிடுவார்கள். பிறகு அலுமினியத்தைப் பார்ப்பார்கள். முகம் முழுக்கச் சமமாக நசுங்கியிருந்தால் நல்லது. ஓர் இடத்தில் ஆழமாகக் குத்தி உள்ளே போயிருந்தால் அந்த வண்டி எதிராளிக்கு ஆபத்தானது என்று புள்ளி குறைப்பார்கள். தன் ஆட்களைக் காப்பாற்றினாலும் சரிதான். உங்கள் புல்பார் அந்த அலுமினியத்தில் என்ன வரைந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

அடி பட்ட பிறகு

சின்ன அடியானாலும் வண்டியைக் கராஜில் விட்டுவிட்டுப் போய், பெயின்ட் காய்ந்த பிறகு வந்து எடுக்காதீர்கள். பஃபர் உறையை மாட்டுவதற்கு முன்னால் எனக்குக் காட்டு என்று டிங்கரிடம் சொல்லுங்கள். வர முடியாவிட்டால் வட்ஸ்அப்பில் படம் கேளுங்கள்: குறுக்குக் கட்டை, அதைச் சட்டத்தோடு பிடிக்கிற போல்ட்டுகள், இரண்டு சட்டத்தின் முனைகள். கட்டை வளைந்திருந்தால் தட்டி நேராக்க விடவேண்டாம். நல்ல பழையது ஒன்று தேடி மாற்றச் சொல்லுங்கள். காப்புறுதிக்காரர் உறைக்கும் பெயின்டுக்கும் மட்டும் காசு எழுதியிருந்தால், கட்டையையும் சேர்த்து எழுதும்படி மதிப்பீட்டாளர் நிற்கும்போதே கேளுங்கள். அவர் கையெழுத்துப் போட்டுப் போன பிறகு அதைச் சேர்ப்பது லேசான வேலை இல்லை.